பளிச்சென்று தெரிவதெல்லாம் ரத்த ஓட்டமா? எம்ஆர்ஐ பெர்ஃப்யூஷன் படங்களும் பிழைத் திருத்தமும்

மூளையில் கட்டி என்று எம்ஆர்ஐ எடுத்த வீடுகளில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்: "மருந்து ஏத்தி எடுத்த படத்துல கட்டி பளிச்சுன்னு தெரியுதாம். அப்போ அங்க ரத்த ஓட்டம் ஜாஸ்தி." முதல் வாக்கியம் சரி. இரண்டாவது அதிலிருந்து வருவதில்லை. பளிச்சென்று தெரிந்தால், ரத்தக்குழாயிலிருந்து மருந்து வெளியே கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே ரத்தம் அதிகமா, குறைவா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு ஸ்கேன் உண்டு, வேறு கணக்கு உண்டு.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது நோயாளியின் வீட்டார் மட்டும் அல்ல. இணையத்தில் உலவும் பல 'எளிய' விளக்கங்களும் இதே தவறைத்தான் செய்கின்றன. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கசிவும் ரத்த அளவும் வெவ்வேறு என்றாலும், கசிவு ரத்த அளவுக் கணக்கைக் கெடுக்கும். அதிகம் கசிகிற மோசமான கட்டியில் ரத்தம் குறைவு என்றுகூட எண் வரலாம். அப்படிக் கெட்டுப்போன எண்ணைச் சரிசெய்வதைத்தான் திருத்தம் என்கிறார்கள். படத்துக்கு மெருகேற்றுவது என்று அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். கணக்குக்கு அடியில் இருந்த ஒரு அனுமானம் உடைந்திருக்கிறது, அந்த உடைசலுக்கு ஈடு செய்கிறார்கள், அவ்வளவுதான். எந்த அனுமானம், எப்படி உடைகிறது, எப்படி ஈடு செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

எதை அளக்கப் பார்க்கிறோம்?

திசுவுக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியாக ரத்தம் பாய்ந்து ஊட்டம் கொடுப்பதைப் பெர்ஃப்யூஷன் என்பார்கள். மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்குப் போகிறது. பெர்ஃப்யூஷனை மூன்று எண்களால் விவரிப்பது வழக்கம்.

ஒன்று ரத்த ஓட்டம்: 100 கிராம் திசு வழியாக ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி ரத்தம் பாய்கிறது என்பது. மூளையின் மேற்புறச் சாம்பல் பகுதியில் இது 50 முதல் 60 மில்லி வரை இருக்கும், உள்ளே இருக்கும் வெண்பகுதியில் 20 முதல் 25. இரண்டாவது ரத்த அளவு: அந்த 100 கிராமுக்குள் எந்த நேரத்திலும் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்பது. சாம்பல் பகுதியில் ஏறக்குறைய 4 அல்லது 5 மில்லி, வெண்பகுதியில் அதில் பாதி. மூன்றாவது கடக்கும் நேரம்: உள்ளே நுழைந்த ரத்தம் வெளியேறச் சராசரியாக எவ்வளவு நேரமாகிறது என்பது. நலமான மூளையில் இது நான்கைந்து விநாடிதான்.

மூன்றும் தனித்தனி அல்ல. ரத்த அளவை ரத்த ஓட்டத்தால் வகுத்தால் கடக்கும் நேரம் கிடைத்துவிடும். இந்த உறவை 1954-ல் பால் மையரும் கென்னத் சீர்லரும் கணித வழியில் நிறுவினார்கள்.

அளக்கும் முறையைப் புரிந்துகொள்ள ஒரு வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். மதகருகே ஒரு குடம் சாயத் தண்ணீரைச் சட்டென்று ஊற்றுகிறீர்கள். கீழே கடைமடையில் ஒருவர் நின்று, சாயம் எப்போது வந்தது, எவ்வளவு அடர்த்தியாக வந்தது, எப்போது தெளிந்தது என்று குறித்துக்கொள்கிறார். இந்தக் குறிப்புகளையும், மேலே சாயம் எப்படி ஊற்றப்பட்டது என்பதையும் சேர்த்து வைத்தால், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் எந்த வேகத்தில் போகிறது என்று தண்ணீரைத் தொடாமலே கணக்கிடலாம். ஜி. என். ஸ்டூவர்ட் என்ற உடலியல் அறிஞர் 1890களிலேயே உப்புக் கரைசலைச் செலுத்தி ரத்த ஓட்டத்தை இந்த வழியில் அளந்தார். எம்ஆர்ஐ அறையில் இன்று நடப்பதும் இதுவே. சாயம் மட்டும்தான் வேறு.

இருட்டை அளக்கும் ஸ்கேன்

எம்ஆர்ஐயில் நாம் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீர் மூலக்கூறுகளில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கரு தரும் சிக்னல். கையில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்துக்குள் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். இணை சேராத ஏழு எலக்ட்ரான்கள் இருப்பதால் அது வலுவான காந்தத் தன்மை உடையது. அந்த மருந்து தானாகச் சிக்னல் எதுவும் தருவதில்லை. பக்கத்தில் இருக்கும் தண்ணீரின் சிக்னலைத்தான் மாற்றுகிறது, அதுவும் இரண்டு எதிரெதிர் வழிகளில்.

முதல் வழிக்கு டி1 விளைவு என்று பெயர். ஒவ்வொரு முறை கருவி சிக்னலைக் கிளப்பிய பிறகும் தண்ணீர் தன் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுக்கும். கடோலினியம் அந்த நேரத்தைக் குறைக்கிறது. சீக்கிரம் திரும்பிய தண்ணீர் அடுத்த முறை அதிகச் சிக்னல் தரும், படத்தில் வெளுப்பாகத் தெரியும். ஆனால் இதற்குத் தண்ணீர் கடோலினியத்துக்கு மிக அருகில், ஏறக்குறைய தொடும் தூரத்தில் வந்து போக வேண்டும்.

இரண்டாம் வழிக்கு டி2 ஸ்டார் விளைவு என்று பெயர். ரத்தக்குழாய்க்குள் கடோலினியம் இருக்கிறது, வெளியே இல்லை என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் காந்தப்புலம் சற்று மாறுபடும். அந்த ஏற்றத்தாழ்வு குழாயின் சுவரைத் தாண்டி வெளியேயும் பரவும். அங்கிருக்கும் தண்ணீரின் சிக்னல்கள் ஒன்றுக்கொன்று ஒத்திசையாமல் போய்ச் சீக்கிரம் மங்கிவிடும். அந்த இடம் படத்தில் கருக்கும். இதற்குத் தொடுதல் தேவையில்லை, தூரத்திலிருந்தே வேலை செய்யும்.

நலமான மூளையில் கடோலினியம் குழாயை விட்டு வெளியேறாது. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியின்றி நெருக்கமாகப் பிணைந்திருக்கும். இதற்கு ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர். மருந்து உள்ளேயே அடைபட்டிருப்பதால், திசுவில் இருக்கும் பெரும்பகுதித் தண்ணீர் அதைத் தொடுவதே இல்லை. எனவே டி1 விளைவு அற்பம், டி2 ஸ்டார் விளைவு பெரிது. மருந்து கடந்துபோகும் சில விநாடிகளுக்கு மூளை கருத்து, பிறகு பழையபடி வெளுக்கிறது. இந்தக் கருப்பைத்தான் அளக்கிறார்கள். வில்ரிங்கரும் சக ஆய்வாளர்களும் 1988-ல் எலிகளின் மூளையில் இதைக் காட்டினார்கள். 1991-ல் பாஸ்டனில் ஜாக் பெலிவோவும் குழுவினரும் இதே முறையை வைத்துத்தான், மனிதர் கண்ணால் ஒன்றைப் பார்க்கும்போது மூளையின் பின்புறத்தில் ரத்த அளவு கூடுவதைப் படமாக்கினார்கள். மூளை வேலை செய்வதை எம்ஆர்ஐ காட்டத் தொடங்கியது இந்த இருட்டிலிருந்துதான் என்பது பலருக்குத் தெரியாது.

நடைமுறை இப்படி: உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் அளவு மருந்து. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, பரவலாகப் புழங்கும் செறிவில் 12 மில்லி. அதை இன்ஜெக்டர் கருவி விநாடிக்கு 4 மில்லி வேகத்தில் செலுத்தினால் மூன்றே விநாடியில் உள்ளே போய்விடும், பின்னாலேயே சலைன் தள்ளிவிடும். இப்படி ஒரே மூச்சில் செலுத்தும் மருந்துத் திரளை போலஸ் என்பார்கள். அதே சமயம் கருவி மூளை முழுவதையும் ஒன்று முதல் ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடத்துக்கு விடாமல் படமெடுத்துக்கொண்டே இருக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிவிடுவோம். மருந்து குழாய்க்குள் இருக்கும்வரை திசு கருக்கிறது. எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு மருந்து அங்கே இருக்கிறது. வெளியே கசிந்தால் திசுத் தண்ணீரைத் தொட்டு வெளுக்கிறது. வழக்கமான கான்ட்ராஸ்ட் படத்தில் கட்டி பளிச்சிடுவது இந்த இரண்டாவது காரணத்தால்.

கருப்பிலிருந்து எண் எப்படி வருகிறது?

படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் வாக்ஸல் என்று பெயர். ஒவ்வொரு வாக்ஸலிலும் சிக்னல் நேரத்தோடு எப்படி இறங்கி ஏறியது என்று ஒரு வளைவு கிடைக்கும். மருந்து வருவதற்கு முன் இருந்த சிக்னலோடு ஒப்பிட்டு, இயல் மடக்கை எடுத்து, எக்கோ நேரம் என்ற ஸ்கேன் அமைப்பால் வகுத்தால் மருந்தின் செறிவுக்கு ஈடான ஓர் எண் வரும். கிளப்பிய சிக்னலை எத்தனை நேரம் கழித்துப் பதிவு செய்கிறார்கள் என்பதுதான் எக்கோ நேரம். 3 டெஸ்லா காந்தப்புலம் உள்ள கருவியில் 30 மில்லிவிநாடி என்பது வழக்கம்.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். முன்பு 1000 இருந்த சிக்னல் மருந்து கடக்கும்போது 700-க்கு இறங்குகிறது. 0.7-இன் இயல் மடக்கை மைனஸ் 0.357. குறியை மாற்றி 0.03 விநாடியால் வகுத்தால் ஏறக்குறைய 12 வரும். இப்படி ஒவ்வொரு கணத்துக்கும் கணக்கிட்டு ஒரு மேடு வரைந்தால், அந்த மேட்டுக்கு அடியில் உள்ள பரப்புதான் ரத்த அளவு. அதை எதிர்ப்பக்கத்து நலமான வெண்பகுதியின் பரப்பால் வகுத்து 'இத்தனை மடங்கு' என்று சொல்வார்கள். ரிப்போர்ட்டில் வரும் 'ஒப்பு ரத்த அளவு 2.5' என்பதெல்லாம் இந்த மடங்குதான்.

இதைக் கருவி நேரடியாகப் படம்பிடிக்கவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் பூசிய அந்த வரைபடம் முழுக்க முழுக்கக் கணக்கு. 'மருந்து குழாய்க்கு வெளியே போகாது', 'எந்த வேகத்தில் வந்து சேர்ந்தது என்று நமக்குத் தெரியும்', 'எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் வந்தது' என்ற நம்பிக்கைகளின் மேல்தான் அது நிற்கிறது. நோய் வந்த மூளையில் இந்த மூன்றுமே பொய்க்கலாம்.

கசிவு: எல்லாப் பிழைகளுக்கும் தலைமை

வேகமாக வளரும் கட்டி புதிது புதிதாக ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கும். அவசரத்தில் கட்டிய குழாய்கள் அவை. கோணல்மாணலாக, சுவரில் ஓட்டையோடு இருக்கும். வாய்க்கால் கரை உடைந்து சாயம் வயலுக்குள் ஊறினால் கடைமடையில் நிற்பவரின் கணக்கு என்னாகும்? அதுதான் இங்கேயும் நடக்கிறது. ஆனால் எம்ஆர்ஐயில் கூடுதல் வில்லங்கம் ஒன்று இருக்கிறது: கசிந்த மருந்து எந்தப் பக்கமும் பிழையைத் தள்ளலாம்.

முதல் திசை, டி1 பக்கம். கசிந்த மருந்து திசுத் தண்ணீரைத் தொட்டு வெளுக்க வைக்கிறது. குழாய்க்குள் இருக்கும் மருந்தோ கருக்க வைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். முன்பு பார்த்த உதாரணத்திலேயே, 700-க்கு இறங்கியிருக்க வேண்டிய சிக்னல் கசிவால் 800-இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்கு சுமார் 7.4 என்று வரும். ரத்தம் துளியும் குறையவில்லை, எண் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. கசிவு பலமாக இருந்தால் சிக்னல் ஆரம்ப நிலையைத் தாண்டி மேலே போய்விடும். அப்போது ரத்த அளவு மைனஸில்கூட வரும். மைனஸ் ரத்தம் என்று ஒன்று கிடையாது என்பதால் அதையாவது கண்டுபிடித்துவிடலாம். பாதி குறைந்து நிற்கும் எண்தான் ஆபத்தானது, பார்க்க நியாயமாகவே இருக்கும்.

இரண்டாம் திசை, டி2 ஸ்டார் பக்கம். வெளியேறிய மருந்து செல்களுக்கு இடையே சீரின்றிப் பரவிக் கிடக்கும்போது அங்கும் காந்தப்புல ஏற்றத்தாழ்வை உண்டாக்கும். போலஸ் கடந்துபோன பிறகும் திசு கருப்பாகவே இருக்கும், சிக்னல் பழைய நிலைக்குத் திரும்பாது. மேட்டின் வால் நீண்டு, பரப்பு கூடி, ரத்தம் அதிகம் என்று எண் வரும். எந்தத் திசை வெல்லும் என்பது ஸ்கேன் அமைப்பு, மருந்தின் அளவு, திசுவின் உள்ளமைப்பு மூன்றையும் பொறுத்தது.

இதன் விளைவு எங்கே கடிக்கிறது? க்ளையோமா என்ற மூளைக் கட்டிகளில் ரத்த அளவை வைத்துக் கட்டியின் வீரியத்தை மதிப்பிடுகிறார்கள். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் 1.75 மடங்கு என்ற எல்லைக்கோடு வைத்தபோது, வீரியம் அதிகமான கட்டிகளில் 95 சதவீதத்தை அது பிடித்தது. ஆனால் வீரியம் குறைந்தவற்றில் பலவற்றையும் சேர்த்தே பிடித்தது. ஆலிகோடெண்ட்ரோக்ளையோமா என்ற வகை, வீரியம் குறைவாக இருக்கும்போதே ரத்தம் நிறைந்திருக்கும் என்பது அதற்கு ஒரு காரணம்.

இதைவிடச் சிக்கலான இடம் சிகிச்சைக்குப் பின் வருவது. க்ளையோமாக்களில் வீரியம் மிகுந்த வகையான க்ளையோபிளாஸ்டோமாவுக்கு ரேடியேஷனும் டெமோசோலமைட் மாத்திரையும் கொடுத்த பிறகு, முதல் சில மாதங்களில் எடுக்கும் எம்ஆர்ஐயில் புதிதாக ஓரிடம் பளிச்சிடும். கட்டி மீண்டும் வளர்கிறதா, சிகிச்சையால் குழாய்கள் சேதமாகிக் கசிகின்றனவா? இரண்டிலும் கசிவு உண்டு, வழக்கமான படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வளரும் கட்டியில் குழாய்கள் மிகுதி, வெறும் சேதத்தில் குறைவு. ரத்த அளவுதான் இங்கே பிரித்துக் காட்டக்கூடியது. அந்த எண்ணையே கசிவு கெடுத்தால், வளரும் கட்டியைப் பார்த்து 'சிகிச்சையின் விளைவுதான், காத்திருக்கலாம்' என்று முடிவு செய்ய நேரலாம். திருத்தத்தை ஒரு தொழில்நுட்பச் சில்லறை விஷயம் என்று ஒதுக்க முடியாதது இதனால்தான்.

கசிவை எப்படித் திருத்துகிறார்கள்?

ஸ்கேனுக்கு முன்பே செய்யும் தடுப்பு, ஸ்கேனுக்குப் பின் செய்யும் கணக்கு என்று இரண்டும் உண்டு. நல்ல மையங்களில் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.

தடுப்பில் பழைய வழி, முன்கூட்டியே ஒரு டோஸ் மருந்து கொடுப்பது. அளக்கப்போவதற்குச் சில நிமிடங்கள் முன்னால் ஒரு பங்கு மருந்து ஏற்றிவிட்டால், கசிகிற இடமெல்லாம் ஏற்கெனவே கசிந்து வெளுத்திருக்கும். அதன் மேல் அளவீட்டுக்கான இரண்டாவது பங்கு கசிந்தாலும் பெரிதாக இன்னும் வெளுக்க இடமில்லை. எனவே டி1 குழப்பம் அடங்கும். கடோலினியம் இரட்டிப்பாகிறது என்பதுதான் குறை. 2014 முதல் வந்த ஆய்வுகள், பலமுறை மருந்து ஏற்றிக்கொண்டவர்களின் மூளையில் கடோலினியம் சிறிதளவு தங்குவதைக் காட்டின. 2017-ல் ஐரோப்பிய மருந்து முகமை, அதிகம் தங்கக்கூடிய நேர்கோட்டு வகை மருந்துகள் பலவற்றின் அனுமதியை நிறுத்திவைத்தது. அதற்குப் பின் 'இரண்டு டோஸ் தேவையா?' என்ற கேள்வி வலுத்தது.

அதற்கு விடை ஃப்ளிப் கோணம் என்ற அமைப்பில் கிடைத்தது. கருவி ஒவ்வொரு முறையும் அணுக்கருக்களின் காந்தத்தை எவ்வளவு சாய்க்கிறது என்பதே அது. குறைவாகச் சாய்த்தால், திரும்ப நிமிர்வதற்குச் சிறிது தூரமே இருக்கும். சீக்கிரம் நிமிர்ந்தாலும் தாமதமாக நிமிர்ந்தாலும் சிக்னலில் பெரிய வித்தியாசம் வராது, அதாவது டி1 விளைவு அமுங்கிவிடும். 2020-ல் நிபுணர் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, 60 டிகிரி கோணமும் முன்கூட்டிய முழு டோஸும் ஒரு வழி என்றது. முன்-டோஸ் இல்லாமல் 30 டிகிரி கோணத்தில் ஒரே டோஸ் என்பதையும் அதற்கு நிகரான மாற்றாக ஏற்றுக்கொண்டது. என் பார்வையில், பெரிய கணிதம் எதுவும் இல்லாமல் ஒரு அமைப்பை மாற்றியதாலேயே நோயாளிக்கு ஒரு டோஸ் மிச்சமானது இத்துறையில் நடந்த அழகான காரியங்களில் ஒன்று.

மூன்றாவது வழி இரட்டை எக்கோ. ஒரே கிளப்பலில் சிக்னலை இருமுறை, சற்று இடைவெளி விட்டுப் பதிவு செய்வது. டி1 விளைவு இரண்டிலும் ஒரே விகிதத்தில் இருப்பதால், ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது அது கழிந்துவிடும். ஆனால் டி2 ஸ்டார் பக்கத்துக் கசிவு அப்படியே இருக்கும், அதற்குக் கணக்கு வேண்டும்.

சரி, அந்தக் கணக்கு என்ன? அதிகம் புழங்குவது பாக்ஸர்மன், ஷ்மைண்டா, வைஸ்காஃப் மூவரின் பெயரால் அறியப்படும் முறை. யோசனை எளிது. முதலில் மூளையில் கசிவே இல்லாத பகுதிகளின் வளைவுகளையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். கசிவு இல்லாவிட்டால் வளைவு இப்படித்தான் இருக்கும் என்பதற்கு அது மாதிரி. பிறகு சந்தேகப் பகுதியில் உள்ள ஒவ்வொரு வாக்ஸலின் வளைவையும் இரண்டு துண்டுகளின் கூட்டாகப் பிரிக்கிறார்கள். மாதிரி வளைவின் ஏதோ ஒரு மடங்கு ஒரு துண்டு. நேரம் போகப் போகக் குவிந்துகொண்டே வரும் கசிவு இன்னொரு துண்டு. ரத்தத்தின் வளைவு மேடுபோல் ஏறி இறங்கும், கசிவோ குவிந்துகொண்டே போகும். வடிவங்கள் வேறு என்பதால் கணினியால் இரண்டையும் பிரித்தெடுக்க முடிகிறது. கசிவுத் துண்டைக் கழித்துவிட்டால் மிச்சம் ரத்தம். கசிவு மேலே தள்ளியதா, கீழே தள்ளியதா என்பதும் அதே கணக்கில் குறியோடு வந்துவிடும்.

இந்த மூவரின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திருத்திய ரத்த அளவு க்ளையோமாவின் வீரியத் தரத்தோடு பொருந்தி வந்தது, திருத்தாதது பொருந்தவில்லை. அதே நோயாளிகள், அதே ஸ்கேன்கள். வேறுபாடு கழித்தலில் மட்டும்தான்.

இந்த முறைக்கும் அதன் அனுமானங்கள் உண்டு. கட்டிக்குள் ரத்தம் கடக்கும் நேரம் நலமான மூளையில் உள்ளதுபோலவே என்று அது எடுத்துக்கொள்கிறது. கசிந்த மருந்து குழாய்க்குத் திரும்பி வராது என்றும் எடுத்துக்கொள்கிறது. ஸ்கேன் நேரம் நீண்டால் இரண்டாவது அனுமானம் தளரும், மருந்து மெல்லத் திரும்பும். அதையும் சேர்த்துக் கணக்கிடும் இருவழி மாதிரிகள் பின்னால் வந்தன.

இதுவரை: கசிவு ரத்த அளவைக் குறைத்தும் காட்டும், கூட்டியும் காட்டும். முன்-டோஸ், குறைந்த கோணம், இரட்டை எக்கோ ஆகியவை டி1 பக்கத்தை அடக்கும். மிச்சத்தைக் கணக்கு பிரித்தெடுக்கும்.

மதகில் என்ன ஊற்றினோம் என்பதே தெரியாவிட்டால்?

ரத்த அளவுக்கு மேட்டின் பரப்பு போதும். ரத்த ஓட்டத்துக்கு அது போதாது. சாயம் மேலே எப்படி ஊற்றப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். சட்டென்று ஊற்றியதா, மெல்ல ஊற்றியதா என்று தெரியாமல் கடைமடை வளைவை மட்டும் பார்த்து வேகம் சொல்ல முடியாது. இதயம் பலவீனமாக இருந்தால் போலஸ் வழியிலேயே விரிந்து மெல்லத்தான் வரும்.

அதனால் மூளைக்குள் நுழையும் ஒரு தமனியில், பெரும்பாலும் நடுப் பெருமூளைத் தமனியில், மருந்தின் வளைவைத் தனியாக எடுக்கிறார்கள். அது தமனி உள்ளீட்டு வளைவு. திசு வளைவிலிருந்து இந்த உள்ளீட்டின் தாக்கத்தைப் பிரித்தெடுக்கும் கணிதத்துக்கு டிகன்வல்யூஷன் என்று பெயர். 1996-ல் ஆஸ்டர்கோர் முதலியோர் வகுத்த முறைதான் இன்றைய மென்பொருள்களுக்கு அடிப்படை.

இங்கே பிழை நுழையும் வழி எளிமையானது. அந்தத் தமனியின் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர். வாக்ஸலும் பல மில்லிமீட்டர். ஒரே வாக்ஸலுக்குள் தமனியும் பக்கத்துத் திசுவும் கலந்து நிற்கும், மருந்து குறைவாக வந்ததுபோல் தெரியும். இன்னொரு பக்கம், தமனிக்குள் மருந்து மிக அடர்த்தியாக இருப்பதால் சிக்னல் தரைதட்டி விடும். அதற்கு மேல் எவ்வளவு மருந்து வந்தாலும் இன்னும் கருக்க இடமில்லாததால் உச்சி வெட்டுப்படும். இரண்டு காரணத்தாலும் உள்ளீடு குறைவாக அளக்கப்படுகிறது. குறைந்த எண்ணால் வகுக்கும்போது மூளை முழுவதற்கும் ரத்த அளவும் ஓட்டமும் கூடிவிடும்.

இதற்கான திருத்தத்தில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. உள்ளே போன மருந்தெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். மூளையின் உச்சியில் ஓடும் பெரிய சிரை போதிய அகலம் உடையது, அங்கே திசு கலக்காமல் அளக்கலாம். எனவே தமனி வளைவின் பரப்பைச் சிரை வளைவின் பரப்புக்குச் சமமாக ஏற்றிவிடுகிறார்கள். வளைவின் வடிவம் தமனியிலிருந்து, அளவு சிரையிலிருந்து. இதோடு இன்னொரு சிறு திருத்தமும் சேரும். மருந்து சிவப்பணுக்களுக்குள் போகாது, பிளாஸ்மாவில் மட்டும் மிதக்கும். நுண்குழாய்களில் சிவப்பணுக்களின் பங்கு பெரிய குழாய்களில் இருப்பதைவிடக் குறைவு, அதற்கும் ஒரு காரணியால் பெருக்குவார்கள். இத்தனை செய்தாலும் '100 கிராமுக்கு 53 மில்லி' என்று வரும் முழு எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன். இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடு ஒப்பிடும் விகிதமே இந்த ஸ்கேனில் கூடுதல் நம்பகமானது.

தாமதமாக வந்த ரத்தம், குறைவாக வந்த ரத்தம் அல்ல

கழுத்தில் ஒரு பக்கத்துக் கரோடிட் தமனி அடைத்திருந்தால் அந்தப் பக்கத்து மூளைக்கு ரத்தம் சுற்றுவழியில் வரும். சில விநாடிகள் தாமதமாகும், ஆனால் வந்து சேரும் அளவு போதுமானதாகவே இருக்கலாம். ஆரம்பகால டிகன்வல்யூஷன் தாமதத்தையும் குறைவையும் பிரித்தறியாமல், தாமதமான இடத்தில் ஓட்டமே குறைவு என்று காட்டியது. பக்கவாதச் சிகிச்சையில் இது பெரிய தவறு. 2003-ல் வூ முதலியோர் நேர அச்சை ஒரு வட்டமாக மடித்துக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். மருந்து முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஓட்டத்தின் எண் மாறாது.

தாமதத்தைக் கழித்ததோடு நிற்காமல் அதையே ஓர் அளவாகவும் பயன்படுத்துகிறார்கள். டிமேக்ஸ் என்று ரிப்போர்ட்டில் வருவது அதுதான். 2018-ல் வெளியான டிஃப்யூஸ் 3 ஆய்வில், பக்கவாதம் வந்து 6 முதல் 16 மணி நேரம் ஆனவர்களில் யாருக்கு ரத்தக்கட்டியை எடுத்தால் பலன் இருக்கும் என்று தேர்ந்தெடுக்க, டிமேக்ஸ் 6 விநாடிக்கு மேல் உள்ள பகுதியின் கன அளவை வைத்தே கணக்கிட்டார்கள். சிடி, எம்ஆர்ஐ இரண்டிலும் அதே அளவுகோல்.

எந்தக் கணக்காலும் மீட்க முடியாதவை

ஊசி சிரையை விட்டு நழுவி மருந்து தோலுக்கடியில் போய்விட்டால் அளக்க ஒன்றுமே இல்லை. கட்டிக்குள் பழைய ரத்தக்கசிவு இருந்தாலோ, அறுவை சிகிச்சையில் வைத்த உலோகக் கிளிப் பக்கத்தில் இருந்தாலோ, அந்த இடம் மருந்து வருவதற்கு முன்பே கருப்பாக இருக்கும். கருத்ததிலிருந்து மேலும் எவ்வளவு கருத்தது என்று எப்படி அளப்பது? மூக்குக்குப் பின்னாலும் காதுக்குப் பக்கத்திலும் எலும்புக்குள் காற்றறைகள் இருப்பதால் அங்கும் இதே கதி. நோயாளி தலையை அசைத்தால் ஓரளவுக்குப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சரிசெய்யலாம். ஆனால் போலஸ் கடக்கும் அந்தப் பத்துப் பதினைந்து விநாடிக்குள் அசைந்தால் பெரும்பாலும் போனதுதான்.

ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது

பெர்ஃப்யூஷன் படத்தின் முடிவைப் படிப்பது ரேடியாலஜிஸ்ட்டின் வேலை. ஆனால் புரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. ரத்த அளவு கசிவுக்குத் திருத்தப்பட்டதா? எதிர்ப்பக்கத்தின் எந்தப் பகுதியோடு ஒப்பிட்டு அந்த மடங்கு சொல்லப்பட்டது? போன முறையும் இதே அமைப்பில், இதே மென்பொருளில்தான் எடுத்தார்களா? ஒருமுறை முன்-டோஸோடும் மறுமுறை இல்லாமலும் எடுத்திருந்தால், கட்டியில் எதுவும் மாறாமலேயே எண் மாறலாம்.

இடையில் சிகிச்சை மருந்து மாறியதா என்பதும் முக்கியம். பெவாசிஸுமாப் என்ற மருந்தும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் குழாய்ச் சுவரின் ஓட்டைகளை அடைக்கும். கசிவு நின்றதும் கட்டி பளிச்சிடுவது சட்டென்று குறையும், படத்தைப் பார்த்தவர்கள் கட்டியே சுருங்கிவிட்டது என்று மகிழ்வார்கள். கட்டி அப்படியே இருக்கக்கூடும். 2010-ல் க்ளையோமா சிகிச்சையின் பலனை மதிப்பிடும் சர்வதேச அளவுகோல்களைத் திருத்தி எழுதியபோது, இந்தப் பொய் முன்னேற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பளிச்சிடும் பகுதியின் அளவை மட்டும் பார்க்காமல், நோயாளியின் நிலை, ஸ்டீராய்டு டோஸ், பளிச்சிடாத பகுதிகளில் வந்த மாற்றம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள்.